குருமாந்து

ஏழாம் வகுப்பில் ஸ்பெல்லிங் போட்டியில் ஜெயித்து ஒரு டிக்‌ஷ்னரியைப் பரிசாக வாங்கி வந்தேன். அதற்கப்புறம் ஒரு வருஷம் எங்கள் வீட்டில் யாராலும் நிம்மதியாக வாயைத் திறக்க முடியவில்லை. அப்பா "டயர் பஞ்சர்" என்றால் "பங்க்சர்" என்று திருத்துவேன். அம்மா "லைட்ட ஆப் பண்ணு" என்றால் "ஆஃப்" என்று சொல்லிக்காட்டிவிட்டுத்தான் ஸ்விட்சைத் தொடுவேன். அந்த என்னை இப்போது எதிரில் பார்த்தால் நானே ஒரு அறை விடுவேன்.

லாஸ்பேட்டையில் ஒரு மாடி போர்ஷனில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். அப்பா மில்லில் இருந்தவர், பிறகு ஆட்டோ ஓட்டினார். அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைத்தாள். நான். நாலாவது, அப்பாவின் தங்கையான என் அத்தை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அத்தை எங்களோடுதான் இருந்தாள். கல்யாணமாகிப் போன இடத்தில் ஒத்து வரவில்லை என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். டிக்‌ஷ்னரியில் தேட முடியாத விஷயம் என்பதால் நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அத்தை நல்ல உயரம், அதற்கேற்ற அகலம். காலையில் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சைக்கிளில் ஏறினால், பெரிய வாய்க்காலைத் தாண்டி கடற்கரைப் பக்கம் இருந்த ஒரு பிரெஞ்சுக்கார மதாம் வீட்டில் போய்த்தான் இறங்குவாள். அங்கே பத்து வருஷமாகச் சமையல். அவளுக்கு மூக்கு என்று ஒன்று இருந்தது பாருங்கள், அப்படி ஒரு மூக்கை நான் இன்றுவரை வேறு யாரிடமும் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை என்னைக் கேரியரில் வைத்து மிதித்துக்கொண்டே போவாள். "பச்ச கேட்டு வூட்ல பருப்பு அடி புடிக்குது. அடுத்த வூட்ல நேத்து கொழம்ப சுட வைக்கிறாங்க. தோ, இங்க ஒருத்தி வெங்காயத்த வதக்காம தக்காளியப் போட்டுட்டா, அவசரக்குடுக்கை." நான் கேரியரில் இருந்தபடி அந்தந்த வீட்டு ஜன்னலை எட்டிப் பார்ப்பேன். ஒரு தடவைகூட அவள் சொன்னது தப்பாக இருந்ததில்லை.

இவ்வளவு பெரிய ஆள் வீட்டில் சாப்பிடுவது கொஞ்சம்தான். எங்கள் மூன்று பேருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில் சமையலறையில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு ஒரு தட்டு சாப்பிடுவாள். ஒரே தடவை போட்டுக்கொள்வதுதான். அம்மா, "இன்னும் ரெண்டு கரண்டி வச்சிக்கயேன்" என்றால், "போதும் அண்ணி, வயிறு நெறஞ்சிடுச்சி" என்று தட்டைக் கழுவப் போய்விடுவாள். இந்தக் கணக்கு எனக்கு உதைத்தது. உடம்பு அத்தனை, சோறு இத்தனை. ஆக, மதாம் வீட்டில் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு வருகிறாள் என்று நானே விடை கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

அத்தைக்கு மதாம் ஒரு பெயர் வைத்திருந்தார். அதன் கதையை அத்தை நூறு தடவை சொல்லியிருப்பாள், நானும் நூறு தடவை கேட்டிருப்பேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் தனக்கென்று கொஞ்சம் காய்கறி குருமா வைத்தாளாம். வாசனை பிடித்துக்கொண்டு மதாம் சமையலறைக்கே வந்துவிட்டாராம். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, ரொட்டியைப் பிட்டுத் தோய்த்து, சட்டி காலியாகும்வரை எழுந்திருக்கவில்லையாம்.

"அன்னிலேருந்து என்ன குருமாந்துன்னுதான் கூப்பிடும்."

"ஏன் அத்த, உம் பேரச் சொல்லிக் கூப்பிட மாட்டாங்களா?"

"அது வாயில எம்பேரு நொழையல. குருமா நொழைஞ்சிடுச்சி."

சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். நாங்களும் வீட்டில் அவளைக் குருமாந்து என்று கேலி செய்வோம். கேலி செய்தால் கோபம் வராத ஒரே பெயர் அவளுக்கு அதுதான்.

அந்த வருஷம் மதாமுக்கு முட்டிவலி அதிகமாகி, மகன் வந்து பிரான்ஸுக்கே அழைத்துக்கொண்டு போய்விட்டார். போவதற்கு முன் அத்தையின் கையில் ஒரு கடிதம் கொடுத்திருந்தார். அதே தெருக்கோடியில் புதிதாக ஒரு ஓட்டல் திறக்கிறார்கள், அங்கே சமையலுக்கு ஆள் வேண்டும், இதைக் கொண்டுபோய்க் காட்டு என்று. ஓட்டல் முதலாளி வடக்கத்திக்காரர், பிரெஞ்சு தெரியாது என்பதால் மதாம் அதை இங்கிலீஷில் எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அந்த வேலை கிடைக்காவிட்டால் அத்தை ஏதாவது கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டத்தான் போக வேண்டும். "எங்க வேணா போறேன், அடுப்ப மட்டும் வுட்டுட்டுப் போவ மாட்டேன்" என்று அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் கடிதத்தைப் படிக்க எல்லோரும் கூடினோம். அப்பா கழற்றிப் போட்ட சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் கடிதத்தைப் பிரித்தேன். மதாம் கறுப்பு மையில் குண்டு குண்டாக எழுதியிருந்தார். ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னேன். நேர்மையானவள். சுத்தமானவள். ஒருநாளும் நேரம் தவறியதில்லை. ஒவ்வொன்றுக்கும் அப்பா தலையாட்டினார். அம்மா தையல் மிஷினில் இருந்தபடியே, "அப்டி போடு" என்றாள்.

கடைசி வரி. எல்லாவற்றுக்கும் மேலாக அவள் ஒரு உண்மையான... அடுத்த வார்த்தையில் நாக்கு இடறியது. எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

"கவர்மாண்ட்."

"இன்னாது, கவர்மெண்ட்டா?" அப்பா எழுந்தே நின்றுவிட்டார். "கவர்மெண்ட் வேலைக்கு எழுதிக் குடுத்துட்டாங்களா?"

"மதாமுக்கு அவ்ளோ செல்வாக்கா!" அம்மா மிஷினை நிறுத்தினாள்.

"அண்ணே, உக்காரு. நான் படிச்ச படிப்புக்குக் கவர்மெண்ட்டாம்" என்று அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனாலும் அவள் கண்ணில் ஒரு நப்பாசை எட்டிப் பார்த்தது. எங்கள் ஊரில் அந்த வார்த்தைக்கு அப்படி ஒரு மயக்கம் உண்டு.

அங்கேயே விட்டிருக்கலாம். விடுவேனா? "கவர்மெண்ட்டுக்கு ஸ்பெல்லிங் வேற. இரு, பாத்து சொல்றேன்" என்று ஓடிப்போய் டிக்‌ஷ்னரியைத் தூக்கி வந்தேன். முதலில் மதாமைத் திருத்தினேன். வார்த்தையின் கடைசியில் ஒரு ஈ எழுத்து தேவையில்லாமல் நிற்கிறது, மதாமுக்கு ஸ்பெல்லிங் வராது போலிருக்கிறது என்றேன். பிறகு அர்த்தத்தைக் கண்டுபிடித்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான சின்ன டிக்‌ஷ்னரி அது. ஒரே வரிதான் போட்டிருந்தது. அதைப் படித்து, எனக்குத் தெரிந்த தமிழில் உரக்கச் சொன்னேன்.

"அளவே இல்லாம தின்றவங்க."

இந்தத் தடவை அப்பா தலையாட்டவில்லை. நான் சொன்னது புரியவில்லையோ என்று நினைத்து, விளக்கமும் கொடுத்தேன். "அதாம்பா, பெருந்தீனி. அத்த நம்ம வூட்ல கொஞ்சமாத்தான சாப்பிடுது? அங்க நெறைய சாப்ட்டுட்டு வந்துடுது. மதாம் அதப் பாத்துட்டு எழுதிட்டாங்க."

அப்பா என்னைத் திட்டவில்லை. அத்தையைப் பார்க்கவும் இல்லை. எழுந்து கீழே இறங்கிப் போனார். ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது.

"நீ படிச்சது போதும், மூடு அத" என்றாள் அம்மா. அப்புறம் அத்தையிடம், "கிழிச்சிப் போடு அந்தக் காயிதத்த. பத்து வருஷம் ஒழைச்ச ஒழைப்புக்கு நல்லா எழுதிக் குடுத்தாங்க" என்றாள்.

அத்தை கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, இருந்த மடிப்பிலேயே மடித்தாள். "வேணாம் அண்ணி. அது கையால எழுதுனது. கெடக்கட்டும்."

அன்றைக்கு வயிறு சரியில்லை என்று அவள் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை சாப்பிட்டது ஒரு பிடி இருக்கும். சனிக்கிழமை கேரியரில் என்னை வைத்துக்கொண்டு கடைக்குப் போனபோது எந்த வீட்டில் என்ன வேகிறது என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அந்தப் பேச்சில்லாத சைக்கிள் சவாரிதான் எனக்குப் பயத்தைக் கிளப்பியது. ஏதோ உடைத்துவிட்டேன் என்று தெரிந்தது. எதை என்று தெரியவில்லை.

உடைத்ததை ஒட்டவும் டிக்‌ஷ்னரியைத்தான் திறந்தேன். என்ன ஆச்சரியம், அந்தப் பொல்லாத வார்த்தைக்கு நேர் கீழே கிட்டத்தட்ட அதே எழுத்துகளில் இன்னொரு வார்த்தை இருந்தது. கூர்மே. நல்ல உணவின் சுவை அறிந்தவர் என்று அர்த்தம் போட்டிருந்தது. எனக்காகவே கடவுள் பக்கத்தில் கொண்டுவந்து வைத்த மாதிரி இருந்தது. அத்தை குளிக்கப் போன நேரம், கடிதத்தை எடுத்து, வார்த்தையின் பின்பாதியில் ஒயிட்னரைத் தடவி, ஊதி ஊதிக் காயவைத்து, என் பேனாவால் திருத்தினேன். என்னுடையது நீல மை. அது அப்போது ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தை போகமாட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவளோ தலை வாரி, இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அந்த வார்த்தையோடயா போற?" என்றாள் அம்மா.

"வேற எதோட போறது? பாப்பா, நீயும் வா. இங்கிலீஷ்ல எதனா கேட்டா சொல்லு."

அப்பா பேப்பரைக் கீழே இறக்கவே இல்லை.

ஓட்டலின் பின்பக்கம் சமையலறை. உள்ளே இன்னும் சுண்ணாம்பு வாசனை போகவில்லை. சமையலுக்குத் தலைவராக இருந்தவர் எங்கள் ஊர்க்காரர்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சமையல் செய்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பி வந்தவர். முன்னால் தள்ளிய தொப்பை, அதன்மேல் வெள்ளை ஏப்ரன். "போன்ழூர், போன்ழூர், உள்ள வாங்கம்மா" என்றார். கடிதத்தை வாங்கி நின்றபடியே படித்தார். தலையாட்டிக்கொண்டே வந்தவர் கடைசி வரியில் நின்றுவிட்டார். ஜன்னல் பக்கம் போய்க் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

"இன்னாம்மா இது, வெள்ளையா கட்டு போட்டு வச்சிருக்குது? யாரு பண்ணது?"

நான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அத்தைக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் கறுப்புக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியுமே. எட்டிக் காகிதத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான்.

"நான்தான் அழிச்சேன்."

"ஏன், இன்னா எழுதியிருந்துச்சி?"

"நான் அளவில்லாம தின்றவன்னு எழுதியிருந்துச்சி." அவள் குரல் கொஞ்சமும் தணியவில்லை. சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "தின்றவதான் மிசியே. இல்லன்னு சொல்லல. ஆனா கேக்காம எடுத்துத் தின்னதில்ல. அத எழுதாம இத மட்டும் எழுதிட்டாங்க. அதான்."

இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் அந்தப் பதில் என் காதில் இருக்கிறது. நான் அவளாக இருந்திருந்தால் அழுதிருப்பேன், இல்லை, குழந்தையைக் காட்டிக் கொடுத்திருப்பேன். அவள் இடுப்பில் செருகிய தலைப்பைக்கூட அவிழ்க்காமல் நின்றாள்.

அவர் கட்டைவிரல் நகத்தால் ஒயிட்னரைச் சுரண்டினார். செதில் செதிலாக உதிர்ந்தது. அடியில் இருந்ததைப் படித்துவிட்டுத் தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"கூர்மாந்த்!"

அத்தை திடுக்கிட்டாள். "இன்னா சொன்னீங்க? இன்னொரு தபா சொல்லுங்க."

"கூர்மாந்த்."

"அய்ய! குருமாந்து! அது எம்பேரு!" என்று கத்தியேவிட்டாள். "பாப்பா, இதா? இதையா நீ கவர்மெண்ட்டுன்னு படிச்ச?"

நான் தரையைப் பார்த்தேன். அத்தை, மதாம் பெயர் வைத்த கதையை, ரொட்டி, சட்டி எல்லாம் விடாமல் அவரிடம் சொன்னாள். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"குருமாவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா. பேரும் இல்ல, இது பட்டம். அங்க புள்ளைங்க இன்னொரு கரண்டி கேட்டா, அம்மாக்காரி கன்னத்தக் கிள்ளி இததான் சொல்லுவா. ஆம்பளன்னா கூர்மான், பொம்பளன்னா கூர்மாந்த். கடைசில ஒரு ஈ இருக்குது பாரு, அது பொம்பளைக்காவ. ருசியும் தெரியணும், திங்க ஆசையும் இருக்கணும். ரெண்டுல ஒண்ணு கொறஞ்சாலும் இந்தப் பேரு கெடைக்காது."

தேவையில்லாமல் நின்ற ஈ. எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இருந்தால்தானே. "ஆனா டிக்‌ஷ்னரில வேற மாரி போட்டிருக்குது" என்றேன்.

"எந்த டிக்‌ஷ்னரி? இங்கிலீஷா? அவங்க எங்க பிரெஞ்சுலருந்துதான் எடுத்துகினு போனாங்க. போற வழில கெட்டுப் போச்சி" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே, "எங்க ஆளுங்களும் ஒண்ணும் லேசுப்பட்டவங்க இல்ல. மாதா கோயில்ல சாமியார் சொன்னா இதே வார்த்த பாவக் கணக்குல வந்துடும். வூட்ல அம்மா சொன்னா கொஞ்சல். யாரு வாய்லருந்து வருதுன்னு பாக்கணும்" என்றார்.

அதற்கப்புறம்தான் உண்மையான பரீட்சை. "மதாம் சொன்னா ஆச்சா, நான் பாக்க வேணாமா?" என்று எழுந்து, அடுப்பிலிருந்த பெரிய பாத்திரத்திலிருந்து ஒரு கிண்ணம் மீன் சூப்பை ஊற்றி அத்தையிடம் நீட்டினார். இன்னொருத்தியாக இருந்தால் கரண்டி நுனியில் தொட்டு நாக்கில் வைத்து, "நல்லாருக்குங்க" என்றிருப்பாள். அத்தை கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, கடைசிச் சொட்டுவரை குடித்தாள். குடித்துவிட்டுக் கிண்ணத்தை நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

"ஏம்மா, அவ்ளோ நல்லாவா இருக்குது?"

"மொத தடவ பசிக்குக் குடிச்சது. ரெண்டாவது தடவதான் ருசி தெரியும்."

இரண்டாவது கிண்ணம் பாதியில் நின்றது. அத்தை மேலே பார்த்தபடி நாக்கை அண்ணத்தில் இரண்டு தடவை தட்டினாள். அந்த முகம் எனக்குத் தெரியும். சைக்கிளில் போகும்போது வருகிற முகம்தான். மூன்று நாளாகக் காணாமல் போயிருந்த அதைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"கடைசில லேசா கசக்குது. மீன் தல போட்டுதான கொதிக்க வச்சீங்க? ஒரு தலையில செவுள எடுக்கல."

"அதெல்லாம் எடுத்தாச்சி. நானே நின்னு பாத்தேன்."

"ஒண்ணுல எடுக்கல மிசியே."

அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. பெரிய கரண்டியைப் போட்டுத் துழாவி, ஒவ்வொரு தலையாக எடுத்துத் தட்டில் வைத்து, விரலால் புரட்டிப் பார்த்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது தலையைப் புரட்டியவர் அப்படியே நின்றார். செவுள் அதன் இடத்தில் பத்திரமாக இருந்தது. பாத்திரம் கழுவிய பெண்களில் ஒருத்தி, "யம்மாடி!" என்று வாயில் கையை வைத்தாள்.

அவர் கடிதத்தை எடுத்து, நான் எழுதிய நீல எழுத்துகளில் மிச்சம் ஒட்டியிருந்த செதிலையும் ஊதித் தள்ளினார். மதாம் எழுதியதற்குக் கீழே தன் பேனாவால் ஒரு கோடு போட்டார். "நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வந்துடு" என்றார்.

"மத்தியானச் சோறு இங்கயே துன்னலாமா?" என்று அத்தை கேட்டாள். வேலை கிடைத்த சந்தோஷத்தில்கூட அவள் முதலில் கேட்டது அதைத்தான்.

"இங்க துன்னாதவளுக்கு இங்க வேலையே கெடையாது" என்றார்.

திரும்பும்போது கேரியரில் இருந்தபடி அவள் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு, "அத்த, அழிச்சது நான்தான்" என்றேன்.

"தெரியும்டி. நீல மசி இன்னும் உன் வெரல்லயே இருக்குது."

"அப்ப ஏன் நீன்னு சொன்ன?"

"எனக்காவத்தான அழிச்ச? அப்ப நான் அழிச்ச மாரிதான்" என்று சொல்லிவிட்டு, மூக்கைத் தூக்கினாள். "தோ, இந்த வூட்ல கருவாடு வறுக்கறாங்க. எண்ண பழசு."

நான் இப்போது காலேஜில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் நடத்துகிறேன். பெரிய பெரிய அகராதிகள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அந்த இரண்டு வார்த்தைகளையும் எத்தனையோ தடவை தேடிப் பார்த்துவிட்டேன். அத்தையின் வார்த்தை பிரெஞ்சிலிருந்துதான் இங்கிலீஷுக்கு வந்தது. வரும்போதே பெருந்தீனி என்ற கெட்ட பெயரோடுதான் வந்தது, சுவை தெரிந்தவர் என்ற நல்ல பெயர் பிறகு ஒட்டிக்கொண்டது. ஆகவே வழியில் கெட்டுப் போச்சு என்று மிசியே சொன்னது முழு உண்மை இல்லை. அதற்கு முன்னால் பிரெஞ்சுக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், மூலம் தெரியாது என்று கைவிரித்துவிடுகிறார்கள். நான் ஒயிட்னர் தடவி எழுதினேனே, அந்த கௌரவமான வார்த்தை, அதற்கு மட்டும் மூலம் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஒயின் வியாபாரியிடம் இருந்த எடுபிடி வேலைக்காரனுக்கு அந்தப் பெயராம். அத்தையைக் காப்பாற்றுகிறேன் என்று ஒயின் கடை எடுபிடி ஆக்கப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அகராதியைப் பற்றி அல்ல. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மா சங்கரா மீன் குழம்பு வைத்திருந்தாள். வேலை கிடைத்த கதையை நான்தான் நடித்துக் காட்டினேன். செவுள் இடத்தில் அம்மா கைதட்டினாள். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டார். கூர்மாந்த் என்றால் என்ன என்று மிசியே சொன்னதை நான் சொன்னபோது மட்டும், "இன்னொரு தபா சொல்லு" என்றார். சொன்னேன்.

அன்றைக்கு அத்தை சமையலறைக்குள் போகவில்லை. எங்களோடு கூடத்திலேயே தட்டைப் போட்டு உட்கார்ந்தாள். நாலு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். தட்டு காலியானதும் அத்தை அதைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினாள்.

"அண்ணி, இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க."

அம்மாவின் கரண்டி அப்படியே நின்றது. அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். எச்சில் கையைக் கழுவிவிட்டு வந்து, சோற்றுப் பாத்திரத்தை அம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டார். என் நினைவில் அப்பா யாருக்கும் பரிமாறியதே இல்லை. தங்கையின் தட்டில் ஒரு கரண்டி போட்டார். இன்னொரு கரண்டி போட்டார். அவள் போதும் என்று சொல்லவில்லை. மூன்றாவது கரண்டியும் போட்டார். குழம்புச் சட்டியைத் துழாவி, அடியில் இருந்த பெரிய மீன் தலையை எடுத்து அந்தச் சோற்றின்மேல் வைத்தார். "துன்னும்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டுப் பால்கனிக்குப் போய், தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவர் தட்டில் சோறு பாதி அப்படியே இருந்தது.

"அப்பா ஏன் எழுந்துடுச்சி?" என்று கேட்டேன்.

"கொழம்பு காரம்" என்றாள் அம்மா. அவள் கண்ணிலும் காரம்தான்.

அந்த மத்தியானம் நடந்தது என்ன என்று எனக்குத் தெரிய பல வருஷம் ஆயிற்று. என் கல்யாணத்துக்கு முந்தின வாரம், ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைத்துக்கொண்டே அம்மா சொன்னாள். அத்தைக்குப் பத்தொன்பது வயதில் கல்யாணம். ஆறு மாதத்தில் அந்த வீட்டுக்காரர்கள் அவளைப் பஸ்ஸில் கூட்டிவந்து, ஊர் எல்லையான கோரிமேட்டில் இறக்கி, அப்பாவை அங்கே வரவழைத்திருக்கிறார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் பார்க்க, "ஒரு வூட்டு சோத்த இவ ஒருத்தியே தின்றா, எங்களுக்குக் கட்டுப்படி ஆவாது" என்றிருக்கிறாள் மாமியார்க்காரி. அப்பா தலையைக் குனிந்து நின்றிருக்கிறார். வீட்டுக்குக் கூட்டி வருகிற வழியில் தங்கையிடம் ஒன்றே ஒன்று கேட்டாராம். "கொஞ்சம் கொறச்சித் துன்னிருக்கக் கூடாதா?"

அன்றிலிருந்து அத்தை எங்கள் வீட்டில் இரண்டாவது தடவை சோறு கேட்டதில்லை. பதினொரு வருஷம். நான் டிக்‌ஷ்னரியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த அந்த வியாழக்கிழமை உட்பட.

இதெல்லாம் தெரியாமல் நான் அந்த ஞாயிற்றுக்கிழமை தட்டின் முன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாரா வாரம் மீன் தலை எனக்குத்தான் வரும். அன்றைக்கு அது அத்தை தட்டுக்குப் போய்விட்டது என்று எனக்கு அப்படி ஒரு கோபம்.